குரல் நின்றால்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து மேல்வீட்டம்மா நாலு தடவை மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். துணி காயப்போட என்று சொல்லிக்கொண்டுதான் போனாள். காயப்போட்டது என்னவோ ஒரே ஒரு தலையணை உறை. அது கொடியில் எப்படி ஆடுகிறது என்று பார்ப்பதும், இறங்கி வருவதும், அடுப்பில் வைத்ததை மறந்து மறுபடி ஏறுவதுமாக இருந்தாள். ஆறு மணிக்கு உறை சோம்பலாகத் தொங்கியது. ஏழு மணிக்கு லேசாக வயிறு உப்பியது. எட்டு மணிக்கோ, எங்கேயோ அவசரமாகப் போக வேண்டியதுபோலக் கொடியை இழுத்துக்கொண்டு படபடத்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

மேல்வீட்டம்மா என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். குடியிருப்பது கீழ்வீடுதான். ஆனால் பகலெல்லாம் அவள் உட்கார்ந்திருந்தது பதினெட்டு மாடி உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கேபினில். கீழே கம்பி கட்டுகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "மேல்வீட்டம்மா, கொஞ்சம் தண்ணி இருந்தா ஊத்துங்க" என்று கிண்டல் செய்வார்கள். அந்தப் பெயர் மெல்ல நடந்து வீடுவரைக்கும் வந்துவிட்டது. தபால்காரரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நாலு மாதமாக அவள் மேலே போகவில்லை. சாமான் அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கையுறையும் தலைக்கவசமும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பரிசோதனை. பரிசோதகர் முன்னால் ஒரு சுமையைத் தூக்கி இறக்கிக் காட்டினால் உரிமம் திரும்பக் கைக்கு வரும். ஏற மாட்டேன் என்றால் இருபது வருஷ வேலை அதோடு சரி. காற்று ஓர் அளவுக்கு மேல் அடித்தால் கிரேனைத் தொடக்கூடாது என்பது விதி. அப்படி அடித்தால் பரிசோதனை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

நாலு மாதத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். கட்டடத்துக்கு நடுவில் படிக்கட்டு வைக்க ஆழமான குழி விட்டிருந்தார்கள். வேறு இடத்தில் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் படிக்கட்டை, மேலேயிருந்து அந்தக் குழிக்குள் இறக்க வேண்டும். கேபினில் இருப்பவளுக்குக் குழியின் வாய் தெரியும், வயிறு தெரியாது. உள்ளே நிற்கிறவன் வாக்கிடாக்கியில் சொல்வதுதான் கண். "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்கிறவரைக்கும் இறக்கலாம். குரல் நின்றால் அந்த நொடியே லீவரிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். ஏன் நின்றது என்று யோசிக்கக்கூடாது.

குழிக்குள் நின்றவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது, ரேடியோ. வேலையை வைத்து வந்த பெயர் இல்லை, வாயை வைத்து வந்தது. தூக்கத்தில்கூடப் பேசுவான். அன்றைக்கு 'இறக்கு' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாக்கிடாக்கியின் பேட்டரி தீர்ந்துவிட்டது. படிக்கட்டு சாய்ந்து ஓரம் தட்டி, அவன் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. பேட்டரிமேல் பழியைப் போட்டு அறிக்கை எழுதி முடித்தார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஏணியின் முதல் படியில் கால் வைத்தாலே அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. ஏறாமலே நாள் ஓடியதில் உரிமத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

டயர் கடைக்கு மேலே, நீளமான ஓர் அறையில்தான் அவர்களுடைய ஜெபக்கூட்டம். ரப்பர் வாசனை மாடிப்படி வழியாக ஏறி வந்து முன்வரிசையில் உட்காரும். பாடி முடித்ததும், வேண்டுதல் இருக்கிறவர்கள் எழுந்து சொல்லலாம். ஒருத்தர் கண் ஆபரேஷன் என்றார். ஒருத்தி மாமியார் மனசு மாற வேண்டும் என்றாள். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து "ஆமென்" என்றாள்.

ரேடியோ எழுந்தான். ஒரு வேண்டுதலோடு அவன் நிறுத்த மாட்டான் என்று தெரிந்ததால் பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கு எங்க அக்காவுக்குப் பரிசோதனை. நான்தான் குழிக்குள்ள நிக்கப் போறேன். வேற யாரையும் நிக்க விட மாட்டேன்னு ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டேன். அதனால நாளைக்குக் காத்து அடிக்கக்கூடாது. ஒரு இலைகூட அசையக்கூடாது. எல்லாரும் அதுக்காக ஜெபிங்க. சும்மா வாய்க்குள்ள முனகாம நல்லா சத்தமா."

எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிப்பது அங்கே வழக்கம். நாற்பது பேர் நாற்பது விதமாகக் காற்றை அடக்கச் சொல்லி மன்றாடினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள் மறைந்துகொண்டு மேல்வீட்டம்மாவும் ஜெபித்தாள். பக்கத்தில் பன்னிரண்டு வயது மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காது கூர்மை.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அது வெடித்தது. அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, ரொட்டி. ரொட்டி அவள் புருஷன் வேலை பார்க்கும் அடுமனையிலிருந்து வந்தது. ஊருக்கெல்லாம் ரொட்டிக்காரர் என்றால் அவர்தான். ரேடியோ வாயில் முட்டையை வைத்துக்கொண்டு நாளைய திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தான்.

"மாமா, நீங்க அடுமனையிலேருந்து நேரா வந்துடுங்க. வாசல்ல நின்னு பாருங்க. அக்கா அப்படியே பூ மாதிரி இறக்கும்."

"வரேன் மாப்ள. ஆனா நீ அதுவரைக்கும் முட்டையை முழுங்கிடு."

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா காத்து வேணும்னு ஜெபம் பண்ணாங்க."

மூன்று கைகளும் அப்படியே நின்றன.

"நான் கேட்டேன். 'ஆண்டவரே, நல்லா பலமா அடிக்கட்டும்'னு சொன்னாங்க."

ரொட்டிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆண்டவர் பாவம். ஒரே வீட்டுலேருந்து ரெண்டு மனு. எதுல கையெழுத்துப் போடுவாரு?"

ரேடியோ சிரிக்கவில்லை. "ஏன்க்கா? நான் இருக்கேன்ல. புது பேட்டரி போட்டாச்சு. இனிமே என்ன பயம்?"

மேல்வீட்டம்மா தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தாள். நாலு மாதமாகத் தொண்டையில் நின்றது மேலே வந்துவிட்டது.

"பேட்டரி இல்லடா."

"என்ன பேட்டரி இல்ல?"

"பேட்டரி தீர்ந்தது நிஜம். உன் குரல் நின்னுச்சு. ஆனா நான் கையை எடுக்கல."

வெளியே காற்று யாருடைய கதவையோ அடித்துச் சாத்தியது.

"எனக்கு நின்னதே தெரியல. காதுக்குள்ள நீ 'இறக்கு இறக்கு'ன்னு சொல்லிட்டேதான் இருந்த. நான் பாட்டுக்கு இறக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் கீழே சத்தம் கேட்டுச்சு."

"எவ்வளவு நேரம்?"

"மூணு செகண்ட். நாலுகூட இருக்கலாம்."

ரேடியோ மேசைக்குக் கீழே குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். "நாலு மாசமா அந்தப் பேட்டரிக் கடைக்காரனைத் திட்டிட்டிருக்கேன்" என்றான். "போன வாரம்கூடக் கடை வாசல்ல நின்னு திட்டிட்டு வந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் பாத்துட்டு இருந்திருக்க."

அவன் எழுந்தான். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு, நொண்டி நொண்டிக் கதவைத் திறந்துகொண்டு போனான். போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை.

மகள் அழ ஆரம்பித்தாள். "நான் சொல்லியிருக்கக்கூடாது."

"நீ சொன்னதுல தப்பில்ல. சாப்பிடு" என்றாள் அம்மா.

ரொட்டிக்காரர் மெல்லக் கேட்டார்: "இவ்வளவு நாள் பொறுத்தவ, இன்னைக்கு எதுக்குச் சொன்ன? பரிசோதனை முடிஞ்ச பிறகு சொல்லியிருக்கலாமே."

"நாளைக்கு அவன் அந்தக் குழிக்குள்ள நிக்கப் போறானே. தெரியாம நிக்கலாமாங்க?"

அவர் அவள் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைத் தோல் உரித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் வெயில் சரிவதற்குள் அவள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஈரத் தரையிலேயே முழங்காலில் நின்றாள். நாலு மாதமாக அவள் ஒரே ஜெபத்தைத்தான் செய்துகொண்டிருந்தாள், பயத்தை எடுத்துப் போடுங்கள் என்று. மறுபக்கத்திலிருந்து எந்தப் பதிலும் வந்ததில்லை. அவருடைய பேட்டரியும் தீர்ந்துவிட்டதோ என்று ஒருநாள் நினைத்து, நினைத்ததற்காக அழுதாள். தான் எதை மறைத்து வைத்துக்கொண்டு அவரோடு பேசுகிறோம் என்பது அப்போதெல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. பேச்சு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு போய்விடுவாள்.

இன்றைக்குச் சுற்றிப் போக இடமில்லை.

"ஆண்டவரே, தம்பிகிட்ட சொல்லிட்டேன். உங்களுக்கு முன்னாடியே தெரியும். காத்து அடிக்கிறதும் அடிக்காததும் உங்க இஷ்டம், நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன். பயம் போகல. போகலைன்னா பரவால்ல, பயத்தோடயே ஏறுறேன். நீங்க கூட வாங்க. அது போதும்."

எழுந்தபோது முட்டி வலித்தது. வேறு அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் பசித்தது. நாலு மாதத்தில் முதல்முறையாகப் பசியென்று பசித்தது. நின்றபடியே மூன்று துண்டு ரொட்டி தின்றாள்.

திங்கட்கிழமை காலை காற்று செத்துக் கிடந்தது. ரொட்டிக்காரர் புருவமெல்லாம் மாவோடு வந்து வாசலில் நின்று, "வெளிய வந்து பாரு. புகைபோக்கிப் புகை கோடு போட்ட மாதிரி நேரா போகுது. நாற்பது பேர் ஜெயிச்சுட்டாங்க" என்றார்.

"என் மனுவைத்தான் நேத்தே திரும்ப வாங்கிட்டேனே."

"அப்படியா? என்கிட்ட சொல்லவேயில்ல."

"உங்ககிட்டயா மனு போட்டேன்?"

அவர் சத்தமாகச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள். மகள் ஓடினாள்.

வேலையிடத்து வாசலில் ரேடியோ நின்றிருந்தான். கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என மூன்று வாக்கிடாக்கி.

"எதுக்குடா மூணு?"

"ஒண்ணு செத்தா ஒண்ணு. அதுவும் செத்தா இன்னொண்ணு." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "ராத்திரி பூரா கணக்குப் போட்டுப் பாத்தேன்க்கா. பதினோரு வருஷமா நாம ஜோடியா வேலை செய்யறோம். நான் என்னைக்காவது ஒழுங்கா 'இறக்கு' சொல்லியிருக்கேனா? நடுவுல தும்முவேன். எவனையாவது திட்டுவேன். டீ வந்துச்சான்னு கேப்பேன். அப்பல்லாம் நீ நிறுத்தினா என்ன சொல்லுவேன்?"

"'ஏன்க்கா நிக்கிற, தூங்கிட்டியா'ம்ப."

"அதான். குரல் நின்னாலும் போயிட்டே இருன்னு உன்னைப் பழக்கினதே நான்தான்."

"அதுக்காக நான் மறைச்சது சரின்னு ஆயிடாது."

"ஆகாது. கோவம் இருக்கு. பாதி போயிடுச்சு. மீதி சாயங்காலம் சாப்பிடறப்ப போகும். நேத்து ரொட்டியை வேற பாதியில விட்டுட்டு வந்துட்டேன்." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "இன்னைக்கு நடுவுல ஒரு வார்த்தை பேச மாட்டேன். சத்தியமா."

"நீ குழிக்குள்ள நிக்கணும்னு கட்டாயம் இல்ல. வேற ஆள் போடச் சொல்றேன்."

"நீ இறக்கறப்ப நான் நிக்காம வேற எவன் நிப்பான்?"

அவள் அவன் தலைக்கவசத்தின்மேல் கையை வைத்தாள். கண்ணை மூடி இரண்டு வரி ஜெபித்தாள். இரண்டாவது வரியிலேயே அவன் "ஆமென், நேரமாச்சு" என்றான்.

பரிசோதகர் இளம்பெண். சின்ன உருவம், பெரிய பூட்ஸ், கையில் கோப்பு. ஃபோர்மேன் அவளுக்கு நாற்காலி போட்டு, துடைத்து, மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

மேல்வீட்டம்மா நேரே போய் நின்றாள். "ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் மேடம்." முந்தின நாள் மேசையில் சொன்னதை இங்கேயும் சொன்னாள். மூன்று செகண்ட், நாலுகூட இருக்கலாம் என்பதுவரைக்கும்.

ஃபோர்மேன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அறிக்கை முடிஞ்சு போன விஷயம்மா அது. யாராவது உங்களைக் கேட்டாங்களா?"

பரிசோதகர் கோப்பை மூடினாள். "அவர் கேக்கறது சரிதான். இப்ப ஏன் சொல்றீங்க? இதுக்காகவே உங்களை ஏற விடாம நான் திருப்பி அனுப்பலாம்."

"அனுப்புங்க மேடம், போயிடறேன். ஆனா அந்தப் பொய்யைத் தூக்கிக்கிட்டு என்னால ஏணி ஏற முடியல. நாலு மாசமா முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

பரிசோதகர் அவளைப் பார்த்தாள். ரேடியோவின் பூட்ஸைப் பார்த்தாள். பிறகு கிரேனை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏறுங்க" என்றாள்.

ஏணி கோபுரத்தின் உள்ளே கூண்டுபோலப் போகும். இடையிடையே நிற்கப் பதினாலு தட்டு. முதல் தட்டில் உள்ளங்கை வேர்த்தது. துடைத்துக்கொண்டாள். நாலாவது தட்டில் கம்பியைப் பிடித்து நின்றாள். பிறகு ஏறினாள். "கூட வாங்க" என்று ஒவ்வொரு தட்டிலும் சொன்னாள். சில சமயம் வாய்விட்டு, சில சமயம் மூச்சோடு. ஒன்பதாவது தட்டில் கம்பி வழியாக ஊர் தெரிய ஆரம்பித்தது. கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், தெருவில் புள்ளியாக மகள், பக்கத்தில் வெள்ளைப் புள்ளியாக மாவு அப்பின புருஷன். பன்னிரண்டாவது தட்டில் தான் எண்ணுவதை நிறுத்திவிட்டதைக் கவனித்தாள்.

அவளுக்குப் பதில் இத்தனை நாள் ஏறின மாற்று ஆள், கேபின் நாற்காலியைத் தன் உயரத்துக்குத் தள்ளி வைத்திருந்தான். அதை முன்னால் இழுத்துப் பூட்டினாள். கண்ணாடியைத் துடைத்தாள். இரண்டு கையையும் லீவரில் வைத்தாள். கை இடத்தை மறக்கவில்லை.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது."

"கொக்கி மாட்டியாச்சு. தூக்கு, தூக்கு, தூக்கு."

இரண்டு டன் படிக்கட்டு தரையை விட்டு எழுந்தது. மெல்லத் திரும்பி, வானத்தில் யாருக்காகவோ போட்ட படிபோல நீந்தி வந்தது. காற்றே இல்லை. குழியின் வாய்க்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். கீழே எல்லாத் தலைகளும் அண்ணாந்திருந்தன.

"இறக்கு, இறக்கு, இறக்கு, இறக்கு."

தும்மல் இல்லை, டீ இல்லை. படிக்கட்டு குழிக்குள் இறங்கி மறைந்தது. இனி கயிறு மட்டும்தான் தெரியும்.

"இறக்கு, இறக்கு, இற"

அவள் கையை எடுத்துவிட்டாள்.

முதலில் கை எடுத்தது, அதற்குப் பிறகுதான் குரல் நின்றுவிட்டது என்பதே அவளுக்கு உறைத்தது. பிரேக் கடித்துக்கொண்டது. கயிறு விறைத்து நின்றது.

பத்து செகண்ட். இருபது. வாக்கிடாக்கியில் ஒரு கரகரப்புகூட இல்லை. மூன்று வைத்திருந்தானே, மூன்றுமா செத்தது? சாய்ந்துவிட்டதா? அடியில் இருக்கிறானா? கொஞ்சம் தூக்கிப் பார்க்கலாமா? அவன் நசுங்கிக் கிடந்தால் தூக்கினால்தானே பிழைப்பான்? கை தானாக லீவர் பக்கம் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் மறுகையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, ஏதாவது சொல்லுங்க."

அவரும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் அமைதி. பதினெட்டு மாடிக்கு மேல், கண்ணாடிப் பெட்டிக்குள், அவள் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது. ஒரு நிமிடம் ஆனது. அப்போது, சிறுவயதில் கேட்ட ஒரு கதை அவளுக்கு நினைவு வந்தது. புயலில் மாட்டிய படகு, பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த இயேசு. அந்தக் கதை எப்போதுமே அவளுக்குப் பிடித்ததில்லை. இத்தனை பேர் கத்துகிறார்கள், ஒரு மனுஷன் எப்படித் தூங்குவார் என்று கோபமாக வரும். இப்போது வேறொன்று பட்டது. அவர் பேசவில்லைதான். ஆனால் கரையில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. அதே படகில், அதே தண்ணீர் மேல்தான் படுத்திருந்தார். படகு முழுகினால் அவரும் சேர்ந்துதான் முழுகியிருப்பார்.

அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். கேபின் நிறைந்திருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓர் ஆள் மட்டுமே உட்காரக்கூடிய இடத்தில் இடம் போதாததுபோல இருந்தது. யாரும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு நிமிடம். மூன்று. தூரத்தில் இரண்டு பறவைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. அவள் அவற்றை வேடிக்கை பார்த்தாள்.

"இறக்கு, இறக்கு, இறக்கு."

எதுவுமே நடக்காததுபோலக் குரல் தொடர்ந்தது. அவளும் தொடர்ந்தாள்.

"மெதுவா, மெதுவா. உக்காந்துடுச்சு. கொக்கி எடுத்தாச்சு." அதற்குமேல் அவனால் முடியவில்லை. மடை திறந்துகொண்டது. "அக்கா, பரிசோதிக்க வந்த அம்மா என் வாயைப் பொத்திட்டாங்க. நீ நிறுத்துறியான்னு பாக்கவாம், நடுவுல வந்து கையாலயே பொத்திட்டாங்க. நாலு நிமிஷம். அம்மா வயித்துலகூட நான் இவ்வளவு நேரம் சும்மா இருந்திருக்க மாட்டேன். நீ நிறுத்தின பாரு, கயிறு ஒரு நூல்கூட அசையல. தலைக்கு மேல தொங்குது, எனக்குப் பயமே வரல. மாமா வாசல்ல அழுதுட்டு இருக்காராம், மாவெல்லாம் கரைஞ்சு ஓடுதாம், மேலேருந்து ஆளுங்க சொல்றாங்க..."

கரகரவென்று சத்தம். யாரோ அவனிடமிருந்து பிடுங்கினார்கள். பரிசோதகரின் குரல் வந்தது.

"அம்மா, கீழே இறங்கி வாங்க. உரிமத்துல கையெழுத்துப் போடணும். நடந்ததை அறிக்கையிலயும் திருத்தி எழுதணும். நீங்க சொன்னபடியே."

மேல்வீட்டம்மா கீழே எட்டிப் பார்த்தாள். கிடங்குப் பக்கம் இன்னும் ஐந்து படிக்கட்டு வரிசையாகக் கிடந்தன. குழிக்குள் இறக்க மாற்று ஆள் துணியாததால் நாலு மாதமாகக் கட்டடம் படியில்லாமல் நின்றிருந்தது.

"வரேன் மேடம்" என்றாள். "ஒரு மணி நேரம் குடுங்க. காத்து இல்லாம இருக்கு, வீணாக்கக்கூடாது. இருக்கறதை இறக்கி வச்சுட்டு வரேன்."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கொக்கி ஏற்கெனவே அடுத்த படிக்கட்டை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.